"ஒரே யோசனையா இருக்கு" என்று யாராவது சொன்னால்

1.
மரக்காணம் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் ஓபியில் தினமும் நான் கேட்கும் வார்த்தைகள் இவை.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது மேடம்."
"ஒடம்பெல்லாம் அசதி. கைகாலைத் தூக்கவே முடியல."
"ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அவ்ளோதான். அப்புறம் விடியற வரைக்கும் கொட்டு கொட்டுன்னு முழிச்சிக்கிட்டு கெடக்குறேன்."
"மூணு மாசமா கேஸ் டிரபிள். எந்த மாத்திரைக்கும் கேக்கல."
"ஒரே யோசனையா இருக்கு."

"எனக்கு டிப்ரஷன் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவர்கூட என் மேசைக்கு வந்ததில்லை.

2.
"நம்ம ஜனங்க மனநலம் பத்தி வாயே திறக்க மாட்டாங்க" என்று நிறைய பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திறக்கிறார்கள். உடம்பின் வழியாகப் பேசுகிறார்கள். கேட்கிற நாம்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். வலி என்றால் வலி மாத்திரை, கேஸ் என்றால் கேஸ் மாத்திரை, அடுத்த டோக்கன்.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது வரியைப் பற்றியது. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

3.
எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது சாலை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மரக்காணம் உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யம் போலவே தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கியமான இடம். காரை நிறுத்தி போட்டோ எடுப்பவர்களும் உண்டு.

அந்தக் குவியலுக்குப் பின்னால் இருக்கும் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நின்று கால் வெடிக்கும். வெயில் பாத்தியில் பட்டுத் திரும்பி அடித்து கண் எரியும். உப்பைத் தலையில் சுமந்து கழுத்தும் முதுகும் போகும். ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதனால் நீர்க்கடுப்பு.

4.
இது உடம்பின் கணக்கு. மனசுக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது.

தை, மாசியில் பாத்தி வேலை தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி எல்லாம் தண்ணீர். வேலை கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. அது கொஞ்சம் தாங்கும். ஆனால் வாரா வாரம் கட்ட வேண்டிய குழுக் கடனுக்கு மழைக்காலம், வெயில்காலம் தெரியாது. செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான்.

அதனால் இங்கே கார்த்திகை மாதத்தில் ஒருவர் "நெஞ்சு படபடக்குது" என்று வந்தால், ஈசிஜி எடுத்து முடித்த கையோடு "வேலை இருக்காம்மா? கடன் ஏதாவது நெருக்குதா?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

5.
இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16) சொன்னது: நம் நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சனையோடு இருக்கிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தற்கொலையால் இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. 100 பேரில் 72 பேர் ஆண்கள்.

மன அழுத்தம் என்பது ஏசி ரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு வருகிற வியாதி என்று இன்னும் நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை திரும்பப் படிக்கவும்.

6.
ஒரு மழைக்காலத்தில் நடந்தது.

நாற்பதைத் தொட்ட ஒரு அம்மா. உப்பளத்தில் வேலை. படபடப்பு என்று மூன்றாவது தடவையாக வந்திருந்தார். பிபி நார்மல். ஈசிஜி நார்மல். ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். கூடவே இன்னொரு பெண் நின்றுகொண்டிருந்தார். உறவு இல்லை, பக்கத்துப் பாத்தியில் வேலை செய்பவர்.

"தூக்கம் எப்படிம்மா?" என்றேன்.
"அதெல்லாம் வருது மேடம்" என்றார் அந்த அம்மா.
கூட வந்தவர் விடவில்லை. "பொய் சொல்லாதக்கா. மேடம், இது பத்து நாளா ஒழுங்கா சாப்பிடல. நேத்து எங்கிட்ட, 'நான் இருந்து இன்னாடி ஆவப்போவுது, நான் போயிட்டா புள்ளைங்களாச்சும் நல்லா இருக்கும்'னு சொல்லிச்சு. எனக்குத் தூக்கமே இல்ல. அதான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

அந்த அம்மா அழ ஆரம்பித்தார். மூன்று வருகைகளில் வராத வார்த்தைகள் அரை மணி நேரத்தில் வந்தன. மூன்று இடத்தில் குழுக் கடன். மகளின் காலேஜ் பீஸ். அண்ணன் வீட்டில் கேட்டு அவமானப்பட்டு வந்தது. கடைசியாக, சாகிற யோசனை.

7.
அதற்குப் பிறகு மருத்துவமனை செய்தது: மனநல மருத்துவரிடம் அன்றே பேசி மருந்து தொடங்கினோம், ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தோம், அடுத்த வாரம் வரச் சொன்னோம்.

அதற்குப் பிறகு நான்கு பெண்கள் செய்தது இது. ஒருத்தர் இரவில் அவர் வீட்டில் போய்ப் படுத்தார். இன்னொருத்தர் மாத்திரையை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு வேளா வேளைக்குக் கொடுத்தார். இன்னொருத்தர் வசூல் நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வாரம் இவ்ளோதான், மிச்சம் மாசி மாசம்" என்று பேசினார். நான்காமவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றார். "தெனம் சாயங்காலம் போயி ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வருவேன் மேடம்."

கடன் இன்னும் முடியவில்லை. சில நாட்கள் அவருக்கு இன்னும் மோசமாகத்தான் போகின்றன. ஆனால் தையில் பாத்தி திறந்தபோது அவர் வேலைக்குப் போனார். மகள் காலேஜில் படிக்கிறாள்.

என் மருந்துச் சீட்டு தேவைப்பட்டது. அந்தச் சாயங்கால டீயும் தேவைப்பட்டது. எது பெரியது என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

8.
"டீ குடிச்சா டிப்ரஷன் சரியாயிடுமா டாக்டர்?" என்று கமெண்ட் வரும். அதனால் ஆதாரத்தோடு பேசுவோம்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் ஒன்று நம் சென்னை. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்குப் போன பிறகு 18 மாதங்களில் 9 தடவை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க, ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

2008இல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 1,000க்கு 22 பேர் பிறகு தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரித்துக்கொண்டே இருந்த பிரிவில் 1,000க்கு 2 பேர்.

நலம் விசாரிப்பது உயிர் காக்கும் என்பதற்கு எண்ணிக்கையே சாட்சி.

9.
கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம். 2004 சுனாமிக்குப் பிறகு, சென்னை ஸ்ரீநிவாசபுரம் மீனவர் பகுதியில் நெருங்கிய உறவுகளை இழந்தவர்களைத் தேடி தன்னார்வலர்கள் போனார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பினர் இதை ஆய்வு செய்தார்கள். போனவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படி ஆதரவு கிடைத்தவர்களின் மனத்துயரம், கிடைக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது.

10.
எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஜிம்பாப்வே நாட்டில் ஷோனா மொழியில் மன அழுத்தத்தைக் குறிக்க 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அர்த்தம், அளவுக்கு மீறி யோசிப்பது. நம்மவர்களின் "ஒரே யோசனையா இருக்கு"தான் அது!

அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து பாட்டி கதை கேட்பார், "இதுல முதல்ல எதைச் சரி பண்ணலாம்?" என்று கூடவே யோசிப்பார். 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து மன அழுத்த அறிகுறிகள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 100க்கு 50 பேரிடம் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100க்கு 14 பேரிடம்தான் இருந்தன.

நம் ஊரில் திண்ணையும் இருக்கிறது, வேப்பமரத்தடியும் இருக்கிறது, பாட்டிகளும் இருக்கிறார்கள்.

11.
இப்போது ஆண்களைப் பற்றி.

பெண்கள் ஓபிக்காவது வருகிறார்கள். ஆண்கள் டாஸ்மாக் போகிறார்கள். ஏன் குடிக்கிறீங்க என்று கேட்டால் பதில்: "ஒடம்பு வலி மேடம். குடிச்சாத்தான் தூக்கம் வருது." 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து எத்தனை பேர் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 20 பேருக்கு மேல். அந்தக் குற்றம் சாராயம் விற்றவர்களுடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குடிக்கிற ஒவ்வொருவரையும் "குடிகாரன்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அவர் எதை மறக்கக் குடிக்கிறார் என்பது கடைசி வரை தெரியாது.

மது தூக்கத்தைக் கெடுக்கும். மன அழுத்தத்தைக் கூட்டும். தூக்கத்துக்காகக் குடிப்பது, தாகத்துக்கு உப்புத் தண்ணீர் குடிப்பது போலத்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பல வருடங்களாக தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சாமிக்கு மாலை போட்டு நிறுத்துவதாக இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

12.
ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? முதல் காரணம், கேலி.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. 200 வருடத்துக்கு மேலாக எத்தனையோ பேரைக் குணப்படுத்தி அனுப்பிய இடம். நம் சினிமாவும் நாமும் சேர்ந்து அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். "நீ கீழ்ப்பாக்கம் கேஸா?" என்று சிரிக்கிற வீட்டில், "எனக்கு மனசு சரியில்ல" என்று யார் சொல்வார்கள்?

இரண்டாவது காரணம், போலீஸ் பயம். "கேஸ் ஆயிடும்" என்று பயந்து, முயற்சி செய்தவரை மணிக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்து தாமதமாகக் கொண்டு வருகிறார்கள். தெளிவாகச் சொல்கிறேன். 2018 மே 29 முதல் அமலில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய 309ஆவது பிரிவு 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. மருத்துவமனையில் காவல்துறைக்குத் தகவல் எழுதுவார்கள், அது நடைமுறை. அதற்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

13.
சரி, எப்படிக் கேட்பது?

தனியாக இருக்கும்போது கேளுங்கள். பத்து பேர் நடுவில் வேண்டாம். வேலை செய்துகொண்டே, நடந்துகொண்டே கேட்டால் இன்னும் நல்லது. முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் நின்று பேசுவது பலருக்குச் சுலபம்.

பார்த்ததைச் சொல்லுங்கள். "ஒரு வாரமா நீ சரியா சாப்பிடல, யார்கிட்டயும் பேசல. என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். நம் எல்லோரிடமும் அறிவுரை ரெடியாக இருக்கும்.

சந்தேகம் இருந்தால் நேராகவே கேளுங்கள். "செத்துப் போயிடலாம்னு ஏதாவது தோணுதா?" அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. அதை யாரிடமாவது சொல்ல வழி கிடைத்தது என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும்.

14.
சொல்லக்கூடாதவை:

"உனக்கென்ன குறை?"
"உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க."
"புள்ளைங்க மூஞ்சியைப் பாத்தாவது தைரியமா இரு."
"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்."

கடைசியாகச் சொன்னதால் இரண்டு பேர் வாழ்க்கை கெடும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போவதில் நிம்மதி கிடைத்தால் போகட்டும். அங்கே போவதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். அவ்வளவுதான்.

15.
அவசரம் என்று எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும்?

சாவதைப் பற்றிப் பேசுவது, எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுவது, வைத்திருந்த பொருட்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுப்பது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைப்பது போலப் பேசுவது, ரொம்ப நாள் துயரத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் சட்டென்று அமைதியாகிவிடுவது. இவற்றைப் பார்த்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். "யார்கிட்டயும் சொல்லாத" என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள். நள்ளிரவாக இருந்தாலும் 108 வரும்.

16.
சிகிச்சை பற்றி அடிக்கடி வரும் மூன்று கேள்விகள்.

"இது தூக்க மாத்திரையா?" இல்லை. மன அழுத்தத்துக்கான மருந்துகள் வேறு.
"பழக்கமாயிடுமா?" இந்த மருந்துகள் மதுவைப் போல அடிமைப்படுத்துபவை இல்லை. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும்.
"எப்ப சரியாகும்?" பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நல்லா ஆன பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அங்கேதான் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தேவைப்படுகிறார்.

தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் இதே அசதியைத் தரும். அதனால் முதலில் உடம்பையும் பரிசோதிப்போம்.

17.
எங்கே போவது?

14416. டெலி மனஸ், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை. 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். 104க்கும் அழைக்கலாம்.

மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு என்றைக்கு வருவார் என்று ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். மருந்து இலவசம். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். பிபி, சுகர் மாத்திரையோடு வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரும் உங்கள் ஊர்ப் பெண்தான். அவரிடமும் சொல்லலாம்.

18.
ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அக்கம்பக்கத்தார் நல்லவர்களாக இருந்தால் போதும், கூலி கூட வேண்டாம், மழைக்கால உதவி கூட வேண்டாம், கடன் வசூலில் மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிறு காய்ந்தால் மனசும் காயும். அவற்றுக்காகக் கேட்க வேண்டியதைச் சங்கமாகக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவை வந்து சேரும் வரை அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா?

தம்பியை இழந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "எல்லாருக்குமே தெரிஞ்சிருந்தது மேடம், அவன் சரியில்லன்னு. கேட்டா கோவப்படுவானோன்னு ஆளாளுக்கு விட்டுட்டோம்."

அவர் மீது தவறு இல்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று நாம் யாருக்குமே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

19.
அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். கூட வேலை செய்பவர், சித்தப்பா, ஹாஸ்டல் ரூம்மேட், கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் பதில் போடாத பழைய நண்பர், யாராவது ஒருவர்.

ஷேர் பண்ணுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். "நல்லா இருக்கேன்" என்பார். அதோடு வைத்துவிடாதீர்கள். "சரி, தூக்கம் எப்படி இருக்கு?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

கோவப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். ஆள் இருந்தால் நாளைக்குச் சமாதானம் செய்துகொள்ளலாம்.